சீல் போடும் இடம்

“லைனை நிறுத்துங்க சார்.”

வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே மேலாளர் அவளை உட்காரவைத்து, தேநீர் வரவழைத்துக் கொடுத்து, பக்குவமாகச் சொல்லியிருந்தார். “எது வேணா கேளும்மா. லீவு கேளு, புது மிஷின் கேளு, சம்பள உயர்வுகூடக் கேளு. நான் இல்லன்னு சொல்லுவேன், அது வேற விஷயம். ஆனா லைன நிறுத்துங்கன்னு மட்டும் என் முன்னால வந்து நின்னுடாத. இங்க அந்த வார்த்தையச் சொன்னவங்க யாரும் அதுக்கப்புறம் இங்க இல்ல.” சிரித்துக்கொண்டேதான் சொன்னார். புது வேலை, புதுச் செருப்பு; அவளும் சிரித்து வைத்தாள்.

இப்போது அந்த வார்த்தையைத்தான் சொல்லிவிட்டு நிற்கிறாள். அவர் உட்காரச் சொல்லவில்லை, அவளும் உட்காரவில்லை. படிகளில் ஓடி வந்ததில் தலையில் மாட்டியிருந்த வலைத்தொப்பி நழுவி ஒரு காதில் தொங்கியது.

மேலாளர் காப்பிக் கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தார். அவருடைய அறையின் கண்ணாடிச் சுவர் வழியே பார்த்தால் பால் பாக்கெட் போடும் கூடம் முழுக்கத் தெரியும். பாக்கெட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பட்டையில் விழுந்து, குட்டிக் குட்டித் தலையணைகள் மாதிரி நகர்ந்துகொண்டிருந்தன. மனிதர் மனைவி முகத்தைவிட அதிகமாக அதைத்தான் பார்த்திருப்பார்.

“என்ன ஆச்சு?”

“இப்ப ஓடறது ஒண்ணாம் தொட்டிப் பால். அது தீர்ற வரைக்கும் ஓடட்டும், அதோட நிறுத்துங்க. அடுத்து ரெண்டாம் தொட்டியத் திறப்பாங்க, அதத் திறக்கக் கூடாது. அதுல இறக்கின டாங்கர் ஒண்ணோட மேல்மூடி திறந்து கிடந்திருக்கு. ரோட்டோரமா. யாருமே பாக்காம.”

“யாரோட டாங்கர்?”

அவள் கண்ணாடிச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“எங்க மாமாவோடது,” என்றாள்.

மாமா என்றால் அக்காவின் கணவர். வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் அவள். அந்தப் பட்டத்துக்கு அவளைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர் அவர். பேச்சுக்குச் சொல்லவில்லை, பேருந்து ஓடாத ஒரு நாள், பால் டாங்கரிலேயே ஏற்றிக்கொண்டு போய்த் தேர்வுக் கூடத்து வாசலில் இறக்கிவிட்டவர். கூடப் படித்தவர்கள் காரிலும் பைக்கிலும் வந்து இறங்க, இவள் ஏணியைப் பிடித்து இறங்கினாள். “எங்க மச்சினிச்சி பாலுக்குப் படிக்கிறா” என்று வழியெல்லாம் சொல்லிப் பூரிப்பார். “பால் நல்ல பாலா கெட்ட பாலான்னு பாக்க இத்தன வருஷம் படிக்கணுமா? எங்க வீட்டுப் பூன ஒரு மோப்பத்துல சொல்லிடும்” என்று கிண்டலும் அவரேதான்.

அவள் அறைக்கதவில் ‘உணவுக் காவல் அதிகாரி’ என்று பலகை தொங்கும். பெயர் பெரிது; அறை, கழிப்பறைக்கும் துடைப்பம் வைக்கும் மூலைக்கும் நடுவில். கலப்படம், கிருமி, கெட்ட நாற்றம் இதையெல்லாம் பார்க்க வேறு ஆட்கள் உண்டு. அவள் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று: யாராவது வேண்டுமென்றே, ஆட்களைக் கொல்வதற்கென்றே, பாலில் எதையாவது கலந்தால் என்ன செய்வது. வெளிநாட்டில் பால்பவுடர் வாங்கும் கம்பெனி, “உங்கள் ஆலையில் இதற்கு யார் பொறுப்பு?” என்று ஒரு கேள்வி கேட்டது. அந்தக் கேள்விக்குப் பதிலாக வைத்த ஆள்தான் இவள். தொட்டிக்குப் போகும் ஏணிக்கு ஒரு கதவும் பூட்டும் கேட்டாள். அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார்கள். காமிராவைத் தொட்டிப் பக்கம் திருப்பச் சொன்னாள். பாக்கெட் திருடுகிறவனை அப்புறம் யார் பிடிப்பது என்றார்கள். போன வாரம் அரசாங்கத்திலிருந்து எச்சரிக்கை வந்தது. உணவுப் பொருளில் கைவைப்போம் என்று ஏதோ ஒரு தீவிரவாதக் கும்பல் மிரட்டியிருக்கிறது, ஆலைகள், கிடங்குகள், தீவன மில்கள் எல்லாம் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு இருங்கள் என்று. மேலாளர் அதைப் படித்துவிட்டு, “எல்லாருக்கும் வர்றதுதான்” என்றார். ஆலையில் அவளுக்குப் ‘போலீஸம்மா’ என்று பட்டப்பெயர். லத்தி மட்டும்தான் கொடுக்கவில்லை.

காலையில் நடந்தது இதுதான்.

ஆலைக்கு எதிரே டீக்கடை. அங்கேதான் பேருந்து நிற்கும். இறங்கியவள் நிமிர்ந்து பார்த்தால், வரிசையில் நின்ற டாங்கர் ஒன்றின் முதுகில் மாமா குந்தியிருந்தார்.

“என்ன மாமா, மேல உக்காந்து காத்து வாங்கறீங்களா?”

“வா போலீஸம்மா! சீல் போட்டுட்டு இருக்கேன். இரு, இறங்கறேன்.”

டாங்கரின் முதுகில் வட்டமாக ஒரு மூடி. ஊர்ப்புறத்தில் பாலைக் குளிரவைக்கும் நிலையத்தில் பாலை நிரப்பி, மூடியைப் பூட்டி, அதில் எண் போட்ட பிளாஸ்டிக் சீல் ஒன்றை மாட்டிவிட வேண்டும். மாட்டினால் வெட்டித்தான் எடுக்க முடியும். எண்ணைப் போனில் ஆலைக்குச் சொல்லிவிடுவார்கள். இங்கே வாசலில் எண் சரியா என்று பார்த்துவிட்டுத்தான் வண்டியை உள்ளே விடுவார்கள். வழியில் எவனும் கைவைக்க முடியாது. இதைப் பற்றி அவள் தேர்வில் பக்கம் பக்கமாக எழுதி மார்க் வாங்கியிருக்கிறாள்.

அவள் சிரித்த சிரிப்பு பாதியில் நின்றது.

“சீல இங்க எதுக்கு மாமா போடறீங்க? அங்கயே போட்டு அனுப்ப மாட்டாங்களா?”

“அங்கயே போட்டுட்டா வீட்டுக்கு எப்படி எடுக்கறது?” மாமா இரண்டு தூக்குவாளிகளைக் கோத்துப் பிடித்தபடி ஏணியில் இறங்கினார். இரண்டும் தளும்பின. “அங்க சீலக் கையிலதான் குடுப்பாங்க. நம்பர மட்டும் போன்ல சொல்லிடுவாங்க. நாம இங்க வந்து, எடுக்க வேண்டியத எடுத்துட்டு மாட்டிக்க வேண்டியதுதான்.”

“எல்லா வண்டியும் இப்படியா?”

“பின்ன? நான் மட்டும் என்ன தனியாவா ஓட்டறேன்? ஒரு தூக்கு வீட்டுக்கு, ஒரு தூக்கு டீக்கடைக்கு. வாசல்ல நிக்கறாரே செக்யூரிட்டி, அவருக்கு ஒரு வண்டியிலேர்ந்து. லேப்காரருக்கு இன்னொரு வண்டியிலேர்ந்து. மானேஜர் வீட்டுக்கு முறை வச்சுப் போகும்.” குரலைத் தாழ்த்திக்கொண்டு சிரித்தார். “ஏன், காலேஜு படிச்சப்போ எங்க வீட்டுல தெனம் காப்பி குடிச்சியே, அது எந்தப் பசு குடுத்துச்சுன்னு நெனச்ச?”

அவளுக்கு அந்தக் காப்பியின் ருசி நினைவுக்கு வந்தது. நல்ல திக்கான காப்பி. அதைக் குடித்துவிட்டுத்தான் அந்தப் பக்கங்களையெல்லாம் எழுதினாள்.

மாமா அத்தோடு நிறுத்தியிருந்தால் அவளும் வாயை மூடிக்கொண்டு உள்ளே போயிருப்பாளோ என்னவோ. மாமா வாய் சும்மா இருக்காது.

“இன்னிக்கு ஒரு கூத்து கேளு. ஆலை கேட்டு திறக்க நேரம் இருக்கேன்னு மேம்பாலத்துக்கு அடியில வண்டியப் போட்டுட்டு ஒரு தூக்கம் போட்டேன். எழுந்து இங்க வந்து ஏறிப் பாத்தா, மூடி ஆன்னு வாயத் திறந்துட்டுக் கிடக்கு. நல்லா முறுக்கி வச்ச மூடி.”

“எத்தன நட்டு மாமா அதுல?”

“நாலு.”

“நாலும் கழண்டிருந்துச்சா?”

“குலுக்கல்ல கழண்டிருக்கும்.”

“ஒண்ணு கழண்டா குலுக்கல். நாலும் கழண்டு, அவ்வளவு கனமான மூடி எழுந்து பின்னால சாஞ்சுக்குமா?”

மாமாவின் முகத்தில் சிரிப்பு அணைந்தது. தூக்குவாளிகளை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார். “ஏதோ பேச்சுவாக்குல சொன்னேன். அதப் போயி தோண்டிக்கிட்டு. படிச்சாலே இப்படித்தான், எல்லாத்துலயும் நோண்டி நோண்டி.”

“வண்டிய உள்ள எடுக்காதீங்க மாமா. நான் போய்ப் பேசிட்டு வர்றேன்.”

“சரி சரி, போ.”

அவள் ஊழியர் வாசல் வழியாகப் போய், கை கழுவி, கோட்டு மாட்டி, தொப்பி மாட்டி, செருப்பைக் கழற்றி ரப்பர் பூட்ஸ் போட்டு, பால் இறக்கும் மேடைக்கு வந்து சேர்ந்தபோது குழாய் ஏற்கெனவே மாமா வண்டியின் அடிவயிற்றில் பூட்டியிருந்தது. மோட்டார் உறுமிக்கொண்டிருந்தது. பால் போய்க்கொண்டிருந்தது.

மேடையோரத்துச் சின்ன லேப்பில் இருப்பவரைக் கொழுப்புக்காரர் என்பார்கள். பாலில் கொழுப்பு எத்தனை என்பதைத் தவிர அவர் வாயில் வேறு பேச்சு வராது.

“நாலு புள்ளி ஒண்ணு,” என்றார் அவளைப் பார்த்ததும். “அருமையான பால். இந்த மாசத்துல இப்படி வரல.”

“அந்த டாங்கர் மூடி திறந்து கிடந்துச்சு சார். நிறுத்துங்க.”

“சீல் நம்பர் சரியா இருக்கே.”

“சீல இப்பதான் வாசல்ல வச்சு மாட்டினாங்க!”

“நம்பர் சரியா இருக்கா இல்லையா?” என்று கேட்டுவிட்டு, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல விரல் விட்டுச் சொன்னார். “தண்ணி இல்ல. உப்பு இல்ல. சோடா இல்ல. யூரியா இல்ல. இன்னும் என்ன வேணும்?”

அவர் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை. அத்தனை சோதனையும் தண்ணீர் ஊற்றிக் காசு பார்க்கிறவனைப் பிடிக்க வைத்தவை. காசே வேண்டாம், ஆள் செத்தால் போதும் என்று வருகிறவன் தண்ணீர் ஊற்ற மாட்டான். அவன் எதை ஊற்றுவான் என்று தெரிந்தால்தானே அதற்கு ஒரு சோதனை வைக்க முடியும்? இதை அவள் அவரிடம் சொல்லவில்லை. மாடிப்படியை நோக்கி ஓடினாள்.

அந்த ஓட்டத்தில் வந்து நின்றுதான் லைனை நிறுத்தச் சொன்னாள்.

எல்லாவற்றையும் கேட்டு முடித்த மேலாளர் நாற்காலியில் சாய்ந்தார். தூக்குவாளி என்ற வார்த்தை வந்த இடத்தில் மட்டும் அவர் பார்வை ஒரு கணம் காப்பிக் கோப்பைக்குப் போய் வந்தது.

“இது நேத்துப் பால்மா,” என்றார், அவள் ஒன்றும் கேட்காமலே.

“நான் அதக் கேக்கல சார்.”

“சரி. ஒரு மூடி திறந்திருந்துச்சு. அவ்வளவுதானே? அதுக்குள்ள எவனோ வந்து ஏதோ ஊத்திட்டான்னு நீயே ஒரு சினிமா எடுத்துட்ட. ஆதாரம் இருக்கா?”

“ஆதாரம் வேணும்னா யாராவது குடிக்கணும் சார்.”

“வாய் மட்டும் நல்லா வருது.”

“வெளி லேபுக்கு அனுப்பிப் பாக்கலாம்.”

“முடிவு வர்றதுக்குள்ள பால் தயிராகி, தயிர் புழுத்துப் போயிடும். ரெண்டாம் தொட்டி நின்னா நாளைக்குக் காலையில பாதி ஊருக்குப் பால் இல்ல. ஆஸ்பத்திரிக்கு இல்ல. ஸ்கூலுக்கு இல்ல. அவங்களுக்கு நீயா பதில் சொல்லுவ?”

“ஆஸ்பத்திரிக்கும் ஸ்கூலுக்கும் போகுதுன்னுதான் சார் நிறுத்தச் சொல்றேன்.”

மேலாளர் போனை எடுத்து மாமாவை மேலே வரச் சொன்னார்.

மாமா செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்தார். அந்த அறைக்குள் அவர் வந்தது அதுதான் முதல் தடவை போலிருந்தது. எங்கே நிற்பது என்று தெரியாமல் சுவரிலிருந்த ஏ.சி.க்கு நேர் கீழே போய் நின்றார். அவளைப் பார்க்கவில்லை.

“மூடி திறந்து கிடந்துச்சா?” என்றார் மேலாளர். “நல்லா யோசிச்சு சொல்லுங்க. திறந்து கிடந்துச்சுன்னா வழியில வண்டியப் போட்டுட்டுத் தூங்கினது உங்க தப்பு. சீல இங்க வச்சு மாட்டினதும் உங்க தப்பு. அந்த வண்டி நாளையிலேர்ந்து இங்க வராது. வேற எந்தப் பிளான்ட்டும் எடுக்காது.”

மாமா தொண்டையைச் செருமினார். “இல்ல சார். மூடி முறுக்கி வச்சபடியேதான் இருந்துச்சு. சீல் அங்கயே மாட்டினது. தூசு துடைக்கத்தான் மேல ஏறினேன்.” கொஞ்சம் பொறுத்து, “பாப்பா கீழ இருந்து பாத்ததுல தப்பாத் தெரிஞ்சிருக்கும்” என்றார்.

பாப்பா. அவளுக்கு ரத்தம் தலைக்கேறியது.

மாமா போனபிறகு மேலாளரின் குரல் கனிந்துவிட்டது. காரியம் முடிந்தவர்களின் கனிவு. “ஒண்ணாம் தொட்டி தீர்றதுக்குக் கொஞ்ச நேரம் இருக்கு. ரெண்டாவதத் திறக்க உன் கையெழுத்து வேணும். போய் முகத்தக் கழுவிட்டு, ஒரு டீ குடிச்சிட்டு வந்து போட்டுடு. போடலன்னாலும் பரவாயில்ல. நீ இன்னிக்கு லீவுன்னு எழுதிட்டு நானே போட்டுக்கறேன். ஆனா அப்புறம் உன் லீவு லீவாவே இருக்கும். உங்க மாமா வண்டியும் அப்படித்தான்.”

ஆக, அவள் மறுத்தாலும் பால் போகும். அதுதான் அவளுக்கு உறைத்தது. அவள் கையெழுத்து ஒரு பூட்டு என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள். அதுவும் கையில் கொடுத்தனுப்பும் சீல்தான்.

கீழே இறங்கும்போது அக்காவிடமிருந்து போன் வந்தது. மாமா அதற்குள் சொல்லியிருக்க வேண்டும்.

“ஏண்டி, உனக்குப் புத்தி கித்தி மழுங்கிப் போச்சா? ஊர்ல ஆயிரம் வண்டி ஓடுது, உன் கண்ணுக்கு இவர் வண்டிதான் தெரிஞ்சுச்சா?”

“அக்கா, நான் சொல்றதக் கேளு...”

“நீ சொல்லி நான் கேட்டதெல்லாம் போதும். உன்னப் படிக்க வச்சோம் பாரு, எங்களச் சொல்லணும். சோறு போட்ட வீட்டு அடுப்புலயே தண்ணிய ஊத்தறியே, உனக்கு மனசு வருதா? அவர் ஒரு வார்த்த பேச்சுவாக்குல சொன்னா, அதக் கொண்டுபோய் மானேஜர்கிட்ட வச்சுடுவியா? அவர் உன்கிட்ட சொன்னாரா, ஆபீசருகிட்ட சொன்னாரா?”

அது, காலையிலிருந்து அவளே தன்னைக் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வி.

“அக்கா, இன்னிக்குத் தூக்கு வீட்டுக்கு வந்துச்சா?”

“இல்ல. அவர் வந்தாத்தான் சின்னவனுக்குப் பால். எழுந்ததிலேர்ந்து பாலு பாலுன்னு உயிர எடுக்கறான்.”

“வந்தாக் காய்ச்சாத. கீழ ஊத்திடு.”

“அடிப்பாவி! வாயில ஒரு நல்ல வார்த்த வராதா உனக்கு? அப்பன் பிள்ளைக்குக் கொண்டு வர்ற பால்டி அது!” அக்கா போனை வைத்துவிட்டாள்.

படிக்கட்டின் கடைசிப் படியில் அவள் நின்றாள். கோபம் வடிந்த இடத்தில் சந்தேகம் ஊறியது. ஒருவேளை எவனோ வேலைவெட்டி இல்லாதவன் ஒரு குவளைப் பால் திருட ஏறியிருக்கலாம். ஒருவேளை நாலு நட்டும் தேய்ந்துபோய் உண்மையிலேயே குலுக்கலில் கழன்றிருக்கலாம். தொட்டியில் இருப்பது வெறும் பாலாக, நாலு புள்ளி ஒண்ணு கொழுப்புள்ள அருமையான பாலாக இருக்கலாம். அதற்காக ஒரு குடும்பத்தைத் தெருவில் விடுவதா? படித்த படிப்பு கொடுத்த திமிரா இது, இல்லை பயமா? அவளுக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. எப்படியானாலும் அந்த ஒரு தூக்குவாளியை மட்டும் மாமாவிடமிருந்து வாங்கிவிட வேண்டும் என்று மேடைக்குப் பின்னால் போனாள். மற்றதை அப்புறம் பார்க்கலாம்.

மாமாவின் டாங்கர் கழுவி முடித்து ஓரமாக நின்றது. பின்சக்கரத்துக்கு அந்தப் பக்கம் மாமா குனிந்திருந்தார். தூக்குவாளியைச் சாக்கடைக் கம்பிகளின் மேல் கவிழ்த்திருந்தார். பால் முழுக்க இறங்கும்வரை பொறுமையாகப் பிடித்திருந்தார். பிறகு ஹோஸ் குழாயைப் பிடித்து வாளியை உள்ளும் புறமும் கழுவினார், மூடியைக் கழுவினார், கையைக் கழுவினார், மறுபடியும் வாளியைக் கழுவினார். நிமிர்ந்தபோது அவளைப் பார்த்துவிட்டார்.

“சின்னவனுக்கு நேத்து வயிறு சரியில்ல,” என்றார். “அதான், இன்னிக்குப் பால் வேணாம்னு...”

அவள் சாக்கடைக் கம்பிகளைப் பார்த்தாள்.

“டீக்கடைக்காரருக்கும் போன் பண்ணிட்டேன். ஊத்திடச் சொல்லிட்டேன்.” அவர் குரல் இறங்கிக்கொண்டே போயிற்று. “அங்க நான் வேற என்ன பாப்பா சொல்ல முடியும்?”

“ஒண்ணும் சொல்ல வேணாம் மாமா,” என்றாள். “இப்பச் சொல்லிட்டீங்க.”

முகம் தெரிந்தவர்களுக்கெல்லாம் மாமா தகவல் சொல்லியாகிவிட்டது. பாக்கி இருப்பவர்கள் முகம் தெரியாதவர்கள். அவர்களுக்குச் சொல்லத்தான் ஒருத்தியைச் சம்பளம் கொடுத்து வைத்திருக்கிறார்கள்.

கெட்டுப்போன பாலைக் கொட்டுவதற்கு முன்னால் அதில் நீலம் கலப்பது வழக்கம். திரும்பி வந்த பாக்கெட், புளித்த பால், கீழே சிந்திய பால் எதுவானாலும் சரி, ஒரு முறை நீலமாகிவிட்டால் பிறகு எவனும் அதை நல்ல பாலென்று விற்க முடியாது. நீலச்சாயக் கேன்கள் கொழுப்புக்காரரின் லேப்புக்குப் பின்னால் பூட்டாத அலமாரியில் இருக்கும். கெட்ட பால் என்று முடிவு செய்யும் அதிகாரம் எழுத்தில் அவளுக்கும் உண்டு. இதுவரை அவள் அதைப் பயன்படுத்தியதில்லை.

முதலில் இரண்டாம் தொட்டியின் அடிக்குழாயைத் திறந்து, வெளிச் சோதனைக்கென்று ஒரு சின்னக் குப்பியில் பால் பிடித்து, மூடி, கைப்பையில் போட்டுக்கொண்டாள். பிறகு அலமாரியைத் திறந்து ஒரு கேனை எடுத்தாள். கொழுப்புக்காரர் அடுத்த டாங்கரின் கொழுப்பில் மூழ்கியிருந்தார். மேடையைக் கடந்தாள். இரண்டு பேர் வழிவிட்டார்கள். தொட்டியடியில் வால்வு பார்க்கும் ஆள் ஸ்டூலில் உட்கார்ந்து போனில் எதையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். ஏணியில் கால் வைத்தவளை நிமிர்ந்து பார்த்தார்.

“மேடம், ஒரு நிமிஷம்.”

அவள் நின்றாள். கேட்கப்போகிறார் என்று நினைத்தாள். கேட்டால் நன்றாக இருக்கும் என்றுகூடத் தோன்றியது.

“கையுற போட்டுக்கங்க. நீலம் பட்டா ஒரு வாரத்துக்குப் போகாது,” என்று தன் பையிலிருந்து ஒற்றைக் கையுறையை எடுத்து நீட்டினார். “இன்னொண்ணு எங்கயோ விழுந்துடுச்சு.”

நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு ஏறினாள். பாதி ஏணியில் வேண்டுமென்றே ஒரு முறை நின்று திரும்பிப் பார்த்தாள். கீழே எல்லாரும் அவரவர் வேலையில் இருந்தார்கள். காமிரா பாக்கெட் கூடத்து வாசலையே உறுத்துப் பார்த்துக்கொண்டிருந்தது. உச்சியில் தொட்டியின் மூடிக்குப் பூட்டு இல்லை. இல்லையென்று அவளைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? மூடியைத் தூக்கினாள். உள்ளே இருட்டில் பால் மெல்லச் சுழன்றுகொண்டிருந்தது. பச்சைப் பாலின் வாசனை முகத்தில் அடித்தது. கேனைக் கவிழ்த்தாள். நீலம் ஒரு கோடாக விழுந்து, வட்டமாகி, வட்டத்துக்குள் வட்டமாகி, பாலின் வெள்ளையைத் தின்றுகொண்டே போயிற்று. கேன் காலியாகும்வரை யாரும் கூப்பிடவில்லை.

மேலாளர் அறைக்கு அவள் திரும்பி வந்தபோது அவர் பேனாவைத் தயாராகத் திறந்து வைத்திருந்தார்.

“முகம் கழுவினியா? நல்லது. உக்காரு. இப்பதான் முதலாளி பெரியவர்கிட்டயும் பேசினேன். உன்ன ஒண்ணும் செய்ய வேணாம், சின்னப் பொண்ணுன்னு சொல்லியிருக்கேன். முடிவு பண்ணிட்டியா?”

“பண்ணிட்டேன் சார்.”

“அப்படிப் போடு. இந்தா.”

பேனாவை வாங்க அவள் கையை நீட்டவில்லை. மேசைமேல் வைத்தாள். கையுறை இல்லாத கை. நகக்கண்ணிலிருந்து மணிக்கட்டுவரை நீலம். மேலாளர் முதலில் அது மை என்று நினைத்தார் போல, துடைக்கக் காகிதம் தேடினார். தேடிக்கொண்டிருந்த கை நடுவில் நின்றது.

“ரெண்டாம் தொட்டியா?”

“ஆமா சார். இனிமே நீங்க லைன நிறுத்த வேணாம். உங்க கையெழுத்தும் வேணாம்.”

அவர் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்சுவரில் மோதியது. “யாரக் கேட்டு அந்த ஏணியில ஏறின?”

“என்ன யாருமே கேக்கல சார். லேப்ல கேக்கல. மேடையில கேக்கல. தொட்டியடியில இருந்தவர் கையுற குடுத்து அனுப்பினாரு. நான் நீலம் ஊத்தினேன். அந்த இடத்துல வேற ஒருத்தன் வேற ஒண்ண ஊத்தியிருந்தா அவனுக்கும் குடுத்திருப்பாரு.”

“அத்தன பாலையும் பாழாக்கிட்டு வந்து எனக்குப் பாடம் நடத்தறியா? இதுக்குப் பேர் என்ன தெரியுமா? இதுதான் தீவிரவாதம்!”

“எனக்கு நீங்க குடுத்த பேரு வேற சார். கதவுல எழுதியிருக்கு.”

“உங்க மாமா வண்டி...”

“மாமா வண்டியப் பத்தி நானே அரசாங்க ஆபீசுல சொல்லத்தான் போறேன். அவர் வண்டிய மட்டும் இல்ல, எல்லா வண்டியும் எங்க நின்னு சீல் போடுது, தூக்கு யார் யார் வீட்டுக்குப் போகுதுன்னும் சொல்லுவேன். உங்க வீட்டுக்கு வர்றதையும் சேத்து. எங்க அக்கா வீட்டுல நான் குடிச்சதையும் சேத்து.”

மேசைமேல் இருந்த போன் அடித்தது. கூடத்திலிருந்து. அவர் அதை எடுக்கவும் இல்லை, அவள் கையிலிருந்து கண்ணை எடுக்கவும் இல்லை. அவள் தலையில் தொங்கிக்கொண்டிருந்த வலைத்தொப்பியைக் கழற்றி மேசை ஓரத்தில் வைத்துவிட்டு வெளியே வந்தாள். போன் அடித்துக்கொண்டே இருந்தது.

வாசலில் செக்யூரிட்டி கைநீட்டி மறித்தார். வெளியே போகிற எல்லாரையும் சோதிப்பது ஆலையின் சட்டம். உள்ளே வருகிறவர்களைச் சோதிக்கும் சட்டம் ஏதும் இல்லை. பையை வாங்கி, குடையை விலக்கி, சாப்பாட்டு டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்த்து, கடைசியில் குப்பியை எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

“பால் மாதிரி இருக்கே மேடம். பால வெளிய கொண்டு போகக் கூடாது, உங்களுக்குத் தெரியாததா?”

“உங்க வீட்டுக்கு அடுத்த தூக்கு என்னிக்கு வருது?” என்று கேட்டாள்.

செக்யூரிட்டி குப்பியைப் பார்த்தார், அவள் கையைப் பார்த்தார். பிறகு குப்பியைப் பத்திரமாகப் பையில் வைத்து, ஜிப்பை இழுத்து மூடி, பையைத் திருப்பிக் கொடுத்தார்.

“கையில என்ன மேடம், இப்படி நீலமா?”

அவள் அதற்குள் சாலையைக் கடந்துவிட்டிருந்தாள். டீக்கடையில் ஒருவர் டீ கேட்டுக்கொண்டிருந்தார். “பால் இல்லீங்க, வெறும் டீதான்” என்று கடைக்காரர் சொல்வது கேட்டது. அரசாங்க அலுவலகம் போகும் பேருந்து வந்தது. ஏறிக்கொண்டாள்.